தெரிந்தவர் கோப்பு

ஜனவரி 11

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் நலமில்லை. உன் சளி விட்டதா? பாடம் நடத்துகிற தொண்டை, பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே என் மானம் போய்விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலக வராந்தா வெளிச்சத்தில் உன் கையெழுத்து எறும்பு ஊர்கிற மாதிரித் தெரிகிறது. கல்வி அதிகாரி அறையில் ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். ஐயா கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒரு நிமிஷம்தானே என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். அந்த நாற்காலி சுழலும் என்பது முப்பத்தோரு வருஷமாக அதைத் துடைக்கிற பியூனுக்குத் தெரியும். உட்கார்ந்தவனுக்கு மறந்துபோயிற்று. அது என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டது. நானும் சுவரைப் பார்த்தபடி படித்துக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் ஐயாவின் குரல்: "படிச்சு முடிங்க, அவசரமில்லை. ஏதாவது வேணும்னா மணியடிங்க, நான் வாசல்லதான் நிக்கிறேன்."

எழுந்த வேகத்தில் என் மூக்குக்கண்ணாடி அவர் மேசையிலிருந்த தேநீருக்குள் விழுந்தது. "சர்க்கரை போதும்," என்றார். நல்ல மனிதர். ஆனால் இப்போது அலுவலகம் முழுக்க எனக்கு 'சின்ன ஐயா' என்று பேர்.

அந்த அமளியில் நீ எழுதியதில் பாதிதான் மண்டையில் ஏறியது. நீ மேற்படிப்புக்குப் போக நினைக்கிறாய் என்பது வரை புரிந்தது. என்ன படிப்பு, எதற்கு என்று விளங்க எழுது. "பதிமூணு வருஷமா பாடம் நடத்துறவளுக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று அம்மா கேட்டாள். நான் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன் அப்படிக் கேட்கக் கூடாது.

போனில் சொல்லாதே. அம்மா ஒலியைக் கூட்டிவைத்துத்தான் பேசுவாள். நம் வீட்டு விஷயத்துக்குத் தெரு முழுக்க ஆலோசகர்கள். கடிதமாகவே எழுது.

இப்படிக்கு, கண்ணாடியைக் கழுவித் துடைத்த அப்பா.

ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். சளி விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. அம்மாவைப் படி ஏற விடாதீர்கள்.

நாற்காலிக் கதையை வகுப்பு முடிந்து படித்தேன். தனியாகச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

விளங்க எழுதுகிறேன். இங்கே தலைமையாசிரியர் பதவி காலியாகி நான்கு வருஷம். நான் 'பொறுப்பு'. காலையில் கணக்குப் பாடம், மதியம் படிவம், மாலையில் படிவத்துக்குத் திருத்தம். பள்ளியில் குழாய் எத்தனை என்று கேட்டு இந்த வருஷம் மூன்று சுற்றறிக்கை வந்தது. மூன்று தடவையும் நான்கு என்று எழுதினேன். அந்த நான்கில் தண்ணீர் வருவது ஒன்றில். அதைக் கேட்க ஒரு படிவத்திலும் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி அனுப்பினேன். 'படிவத்தைச் சிதைக்க வேண்டாம்' என்று திரும்பி வந்தது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது அப்பா. வேலை செய்வதால் வருகிற களைப்பு இல்லை.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பள்ளித் தலைமையில் முதுகலை. நம் ஊரிலேயே சனி, ஞாயிறு வகுப்பு, இரண்டு வருஷம். வேலையை விட வேண்டாம். முடித்தால் தலைமையாசிரியர் பதவி உறுதியாகும். இரண்டு, கல்விக் கொள்கையில் முதுகலை. அது இரண்டு நாள் பயணத் தூரத்தில், முழுநேரம். துறை படிப்பு விடுப்புக் கொடுக்க வேண்டும். முடித்தால் அந்தப் படிவங்களை எழுதுகிற இடத்துக்குப் போகலாம். மூன்று, முனைவர் பட்டம். அதை நினைத்தாலே தூக்கம் வருகிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன், உங்கள் மகள்.

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு, இங்கே எல்லாரும் சுகம். இருமலுக்கு வெந்நீர் குடி. வெந்நீருக்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன், சரியா பார். முதல் படிப்பு பள்ளியை நடத்துகிறவருக்கு. இரண்டாவது, எப்படி நடத்த வேண்டும் என்று எழுதுகிறவருக்கு. மூன்றாவது, எழுதினவர் ஏன் அப்படி எழுதினார் என்று யோசிக்கிறவருக்கு. நான் நாலாவது வகை, எழுதினதைத் தூக்கிக்கொண்டு போகிறவன். எனக்கு மட்டும் படிப்பு வைக்கவில்லை பார்.

எங்கள் பிரிவு எழுத்தரிடம் கேட்டேன், அதுதான், முத்திரை குத்திக் குத்தித் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போன 'சீல்'. அவர் சொன்னார்: "ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனா வணக்கம் சொல்ல முந்நூறு பிள்ளைங்க. மேல போய் உக்காந்தா திட்ட மூவாயிரம் வாத்தியாருங்க. எது வேணும்னு உங்க பொண்ணையே கேளுங்க, சின்ன ஐயா."

நான் எதுவும் சொல்லவில்லை. உன் விருப்பம். சனி, ஞாயிறு வகுப்பு என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் உன் அறையிலிருந்த வெங்காய மூட்டை வெளியே வந்துவிட்டது. கட்டிலுக்கு வெயில் காட்டியாயிற்று. அவளை நான் தூண்டவில்லை. கட்டிலைத் தூக்க ஒரு கை மட்டும் கொடுத்தேன்.

உன் விருப்பம் என்று மறுபடியும் எழுதுகிறேன்.

இப்படிக்கு, அப்பா.

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா?

இரண்டாவதுக்கே விண்ணப்பித்தேன். இடம் கிடைத்துவிட்டது. ஐந்நூறு பேரில் இருபது இடம், அதில் நான் ஒருத்தி. கடிதத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு தடவை குதித்தேன். வயது முப்பத்தைந்து, இடுப்பு பிடித்துக்கொண்டது.

துறையின் விடுப்பு அனுமதியை மே 31க்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தை முறைப்படி மேலே அனுப்பிவிட்டேன். அது உங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும். கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் ஐயாதான்.

உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். காலையில் கோப்புகளை அவர் மேசையில் அடுக்குவது நீங்கள். அவர் மேலிருந்து எடுத்துப் பார்ப்பார். மாலைக்குள் எட்டாதது மறுநாளும் அடியில்தான். நான் பள்ளிக்கே போகாத வயதில், தெரிந்தவர் கோப்பை மேலே வைத்து ஒரு டீ வாங்கிக் குடித்ததாக யாரோ உங்களைச் சொன்னார்களாம். அன்றிலிருந்து தெரிந்தவர் கோப்பு என்றால் அடியில். மாமாவின் மாறுதல் கோப்பு ஏழு மாதம் அடியில் கிடந்தது. அவர் இன்றைக்கும் உங்களோடு பேசுவதில்லை.

மகள் 'தெரிந்தவர்' கணக்கில் வருவாளா என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் உங்கள் முப்பத்தோரு வருஷத்தைக் கேட்பது போல ஆகும். கேட்கவில்லை.

அன்புடன், மகள்.

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு, நாங்கள் சுகம். முழங்கால் உறை வந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்து காட்டினாள். முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கத்தானே உறை என்றேன். "வாங்கினது தெரிய வேணாமா?" என்றாள்.

ஐந்நூறில் இருபது! சீலிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த முத்திரையை மேசையில் ஓங்கிக் குத்தி, "அங்கீகரிக்கப்பட்டது!" என்றார். மேசையில் இன்னும் அந்த நீலக் கறை இருக்கிறது. துடைக்க வேண்டியவன் நான்தான், துடைக்கவில்லை.

உன் கோப்பு நேற்று வந்தது. நீல அட்டை. வெளியே உன் பெயரை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உன் பெயரை நான் எழுதினதுதான் நினைவுக்கு வந்தது. அதிலும் ஓர் எழுத்துத் தப்பு.

மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு, "ஒழுகுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் பயணம் என்றாயே, இடையில் எங்கே தங்குவாய்? அந்த ஊரில் குளிர் எப்படி? விடுமுறைக்கு வர விடுவார்களா? அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு, அப்பா.

மே 19

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். நீங்கள் கடிதம் போட்டு ஏழு வாரம் ஆகிறது, உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அனுமதி இன்னும் வரவில்லை. கடைசி நாள் மே 31. தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான். நீங்கள் எதுவும் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை.

இன்றைக்கு நான்காவது குழாய்ப் படிவம் வந்தது.

அன்புடன், மகள்.

ஜூன் 8

அன்பு மகளுக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லை. கை எழுத வரவில்லை. வயசான கை, சொன்னால் கேட்பதில்லை.

எங்கள் ஐயா மாறுதலாகிப் போய்விட்டார், மே இருபத்தெட்டோடு. புது ஐயா இன்னும் பொறுப்பேற்கவில்லை. மேசை அப்படியே இருக்கிறது, கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. கையெழுத்துப் போட ஆள் இல்லாத மேசையைத் தினமும் துடைக்கிறேன்.

வழியனுப்பு விழா நன்றாக நடந்தது. எல்லாரும் சேர்ந்து சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்து, "ஐயா நல்லவர்," என்றேன். சரியாக இரண்டு வார்த்தை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்தவன் நான் ஒருவன்தான் என்று சீல் பாராட்டினார்.

தொட்டி இன்னும் ஒழுகுகிறது.

நீ வருத்தப்படாதே.

இப்படிக்கு, அப்பா.

ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். அம்மாவுக்கு நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார்களாம், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

முதல் வழிக்கே விண்ணப்பித்துவிட்டேன், நம் ஊர்ப் படிப்பு. ஜூலையில் வகுப்பு. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து பேருந்து ஏறினால் எட்டு மணிக்கு வீட்டில் இருப்பேன். ஞாயிறு மாலை திரும்பிவிடுவேன். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

அந்தக் கோப்பு என்ன ஆயிற்று என்று உங்களிடம் கேட்க ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். களைப்பில் எழுதியது.

அன்புடன், மகள்.

ஆகஸ்ட் 5

அன்பு மகளுக்கு, இங்கே எல்லாரும் நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போடு.

வாரா வாரம் வருகிறவளுக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கிறாய், ஆனால் உன்னைப் பிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து, சாப்பிடும் மேசையிலேயே பாடம் எழுதுகிறாய். அம்மா தட்டு வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாய். கன்னத்தில் 'நிறுவன மேலாண்மை' என்று அச்சாகியிருந்தது, இடவலம் மாறி. அம்மா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "இவ முகம் ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு?" என்று என்னைக் கேட்டாள். பயணக் களைப்பு என்றேன்.

அம்மாவுக்கு நீ வருவதில் கொள்ளைச் சந்தோஷம். வியாழக்கிழமையே வெள்ளிக்கிழமை என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். எனக்கும்தான். வாசலில் உன் செருப்பைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புது ஐயா வந்துவிட்டார். நாற்காலியை மாற்றச் சொன்னார், சுழலாதது வேண்டுமாம்.

படிப்பு பிடித்திருக்கிறதா?

இப்படிக்கு, அப்பா.

செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு, இருமல் பரவாயில்லை. முகத்துக்கு ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

படிப்பு பிடித்திருக்கிறதா என்று கேட்டீர்கள். நல்ல ஆசிரியர்கள். ஆனால் மேலிருந்து வருகிறதை எப்படி நிறைவேற்றுவது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும்.

அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி கடிதம் வந்திருக்கிறது. அடுத்த வருஷத்துக்கு எனக்கு இடம் வைத்திருக்கிறார்களாம், புதிதாக விண்ணப்பிக்க வேண்டாமாம். அக்டோபர் 15க்குள் சம்மதம் மட்டும் சொல்ல வேண்டும்.

நான் பதில் போடப் போவதில்லை. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பதிமூன்று வருஷம் வேலை பார்த்தவள் ஒன்றே ஒன்று கேட்டேன். துறை என்னை எடை போட்டுப் பார்த்து, 'இல்லை' என்றுகூடச் சொல்லாமல் தள்ளிவைத்துவிட்டது. சொல்லாததுதான் பதில். இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. நான் அவ்வளவுதான் போலிருக்கிறது, அதில் வெட்கம் எதுவும் இல்லை. தலைமையாசிரியர் வேலை நல்ல வேலைதான்.

அடுத்த வாரம் வரும்போது இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அன்புடன், மகள்.

செப்டம்பர் 29

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம் கேட்கவில்லை, நேற்று மாலைதான் உன்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன். நேற்றும் அதற்கு முந்தின நாளும் உன்னிடம் ஒன்று சொல்ல நான்கு தடவை வாயைத் திறந்தேன். நான்கு தடவையும் "தண்ணி வேணுமாம்மா?" என்றுதான் வந்தது. நீயும் பாவம், நான்கு தடவையும் குடித்தாய்.

துறை உன்னை எடை போடவில்லை. உன்னைப் பார்க்கவே இல்லை. அந்த நீல அட்டையை ஒருவரும் திறக்கவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி அதை நான் அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் கோப்புக் கட்டை எடுத்து அடுக்கினேன், ஒவ்வொரு நாளும் அடியில் வைத்தேன். மேலே புதுக் கோப்புகள் வந்தன, போயின. உன்னுடையது மேசையோடு ஒட்டிக்கொண்டது. சொல்லாததுதான் பதில் என்று எழுதியிருக்கிறாயே, சொல்லாதவன் நான்.

'பியூன் மகள், அதான் கெடச்சுது' என்று ஒருத்தரும் உன்னைச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை, கிடைத்தால்தானே சொல்வார்கள்! முப்பத்தோரு வருஷ நேர்மையைக் காப்பாற்ற உன்னைப் பிடித்து அடியில் வைத்திருக்கிறேன். மாமா என்னோடு பேசாமல் இருப்பது சரிதான்.

நீ அவ்வளவுதான் என்று எழுதினாயே, அந்த வரி எனக்குச் சோறு இறங்க விடவில்லை. ஐந்நூறில் இருபது, நீ அவ்வளவு. பல்கலைக்கழகத்துக்கு இன்றைக்கே சம்மதம் எழுது. விடுப்புக்குப் புது விண்ணப்பம் போடு. வந்தால் மேலே வைப்பேன், எல்லாவற்றுக்கும் மேலே. சீல் பார்த்துச் சிரிக்கட்டும், ஊர் பேசட்டும். ஓய்வு பெற எனக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது, அதற்குள் ஒரு தடவையாவது கெட்டுப் போகிறேன்.

நீ கோபப்பட்டால் பட்டுக்கொள். இந்த வெள்ளிக்கிழமை வராவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவிடம் நானே சொல்கிறேன்.

இப்படிக்கு, உன் அப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் படித்துப் பார்த்தேன். பழியெல்லாம் வழக்கத்தின் மேலேயே போட்டிருக்கிறேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போகவில்லை, விட்டேன்.

மே இருபத்தெட்டு, பழைய ஐயாவின் கடைசி நாள். மூன்று மணி இருக்கும். மேசையை ஒழித்துக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். "பெரியவரே, போறதுக்கு முன்னாடி யாருக்காவது அவசரமா கையெழுத்து வேணுமா? தயங்காம சொல்லுங்க," என்றார். மே 31 என்று நீ எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. வழக்கம் அப்போது குறுக்கே வரவில்லை, கேட்டதே அவர்தான். எனக்குத் தோன்றியதெல்லாம் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மூன்றாவது தட்டு.

"ஒண்ணும் இல்லைங்கய்யா," என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகி, விளக்கை அணைத்து, அறையை விட்டு வெளியே போகிற வரை அது என் நாக்கு நுனியில் நின்றுகொண்டே இருந்தது: 'ஒண்ணு இருக்குங்கய்யா. அடியில. என் பொண்ணோடது.'